100 மெகாபாஸ்கலில் நுண்துளை பிஇசட்டி: உறை போட்டால் டி33 விழுகிறது, போடாவிட்டால் சிக்னல் இல்லை

துளைமணி (கேள்வி)

எண்ணெய்க் கிணற்றுக்குள் இறக்கும் அழுத்த அலை உணரிக்காக நுண்துளை பிஇசட்டி (ஈய சிர்கோனேட் டைட்டனேட்; அழுத்தினால் மின்னூட்டம் தரும் பீசோ செராமிக்) வில்லைகள் செய்து சோதிக்கிறேன். இலக்கு 175 டிகிரி செல்சியஸ், 100 மெகாபாஸ்கல் நிலை அழுத்தம். அதன்மேல் ஏறிவரும் சில கிலோபாஸ்கல் அலையைப் பிடிக்க வேண்டும். 10 ஹெர்ட்ஸ் முதல் 2 கிலோஹெர்ட்ஸ் வரை கிடைத்தால் போதும்.

செய்முறை: பிஇசட்டி-5ஏ வகைப் பொடி 100 கிராம், துளை உண்டாக்க 15 மைக்ரான் பிஎம்எம்ஏ (அக்ரிலிக் பிளாஸ்டிக்) மணி 10 கிராம், பொடியை ஒட்டிப்பிடிக்க பிவிஏ பைண்டர் 2 சதவீதம். 80 மெகாபாஸ்கலில் அச்சில் அழுத்தி, நிமிடத்துக்கு 1 டிகிரி வீதம் 600 வரை ஏற்றி 2 மணி நேரம் வைத்து மணியை எரித்து வெளியேற்றினேன். பிறகு மூடிய அலுமினா குரூசிபிளில், ஈய சிர்கோனேட் பொடிப் படுக்கையில், 1220 டிகிரியில் 2 மணி நேரம் சின்டரிங் (பொடி ஒன்றாக இறுகச் சுடுவது). கடைசி அளவு 20 மி.மீ. விட்டம், 3 மி.மீ. தடிமன். அடர்த்தி 5.6 கிராம்/கன செ.மீ., அதாவது 30 சதவீதம் துளை. வெள்ளி எலெக்ட்ரோடு. சிலிக்கோன் எண்ணெயில் 120 டிகிரியில் போலிங் (உயர் மின்புலத்தால் துருவப்பாட்டை ஒரே திசையில் நிறுத்துவது) செய்து, ஹெக்சேனில் கழுவிக் காயவைத்தது. டி33, அதாவது போலிங் அச்சுத் திசையில் அழுத்தினால் நியூட்டனுக்கு எழும் மின்னூட்டம், சராசரி 310 பிகோகூலம்/நியூட்டன்.

சோதனைக் கலத்தில் ஊடகம் சிலிக்கோன் எண்ணெய். முடிவுகள்:

அ) எபாக்ஸி பூசி அடைத்த வில்லை. அறை வெப்பத்தில் 100 மெகாபாஸ்கல் கொடுத்து இறக்கியபின் டி33 = 190. இதே போன்ற இன்னொன்றை 175 டிகிரியில் 4 மணி நேரம் வைத்து, அழுத்தத்தோடேயே ஆறவிட்டு எடுத்தால் 95.

ஆ) பூச்சு இல்லாத வில்லை, அதே 175 டிகிரிச் சுழற்சி. டி33 = 285. நன்றாகத் தாங்கியிருக்கிறது என்று நினைத்தால், அலை கொடுத்துப் பார்த்தபோது கிலோபாஸ்கலுக்கு 8 மில்லிவோல்ட்தான். பிறகு எண்ணெயை விரட்ட 200 டிகிரி ஓவனில் நேராக வைத்தேன். டப்பென்று வெடித்து அடுக்கடுக்காகப் பிரிந்துவிட்டது.

இ) துளையில்லாத 5ஏ வில்லை. டி33 375இலிருந்து 360. கிலோபாஸ்கலுக்கு 6 மில்லிவோல்ட்.

அ வில்லை தொடக்கத்தில், குறைந்த அழுத்தத்தில், 40 மில்லிவோல்ட்டைத் தொட்டது. அந்த 40 தான் எனக்கு வேண்டும், 100 மெகாபாஸ்கலிலும். துளையை வைத்துக்கொண்டே இதைக் காப்பாற்ற வழி உண்டா? அ, ஆ இரண்டும் ஏன் இப்படி நேரெதிராக நடக்கின்றன?

---

சூளைவாய்

உங்கள் மூன்று வில்லைகளும் சரியாகத்தான் நடந்திருக்கின்றன.

முதலில் இ. எல்லாப் பக்கமும் சமமாக அழுத்தினால் டொமைன் (துருவப்பாடு ஒரே திசையில் இருக்கும் நுண்பகுதி) திரும்பாது. 90 டிகிரி டொமைன் திருப்பம் என்பது உருவ மாற்றம். ஒரு திசையில் குறுகி இன்னொரு திசையில் நீள்வது. கன அளவு ஏறக்குறைய மாறாது. சம அழுத்தம் கன அளவு மாற்றத்தில்தான் வேலை செய்யும். உருவ மாற்றத்துக்கு அதால் எந்த உந்துதலும் இல்லை. அதனால் துளையில்லாத வில்லை 100 மெகாபாஸ்கலைப் பொருட்படுத்தாது. அந்த 15 பிகோகூலம் இழப்பு 175 டிகிரியில் நடந்த ஏஜிங் (காலத்தோடு வரும் தேய்வு). அழுத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஆனால் இதே 5ஏ-யை போலிங் அச்சுத் திசையில் மட்டும் அழுத்திப் பாருங்கள். 20 மெகாபாஸ்கலை ஒட்டியே டிபோலிங் (போலிங் கலைவது) தொடங்கிவிடும். பிஇசட்டி-4, 8 போன்ற கடின வகைகளுக்கு 80 வரை போகலாம். ஆக, எண்ண வேண்டியது அழுத்தம் எவ்வளவு என்று அல்ல. திசைக்குத் திசை எவ்வளவு வேறுபடுகிறது என்று.

இப்போது அ. காலித் துளையின் சுவரில் என்ன நடக்கிறது? தனித்த ஒரு உருண்டைத் துளையை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே அழுத்தம் 100 என்றால் சுவரை ஒட்டிச் சுற்றுத் தகைவு 150, சுவருக்குச் செங்குத்தாகச் சுழி. ஒன்றரை மடங்கு என்பது நெகிழ்வியல் பாடத்தில் வரும் கணக்குதான். துளையின் நடுக்கோட்டுப் பகுதியில், அதாவது போலிங் அச்சை வடக்கு-தெற்காக வைத்தால் பூமத்திய ரேகை வரும் இடத்தில், இந்த 150இன் ஒரு கூறு நேராக போலிங் அச்சோடு அழுத்துகிறது. அங்குள்ள டொமைன்கள் பக்கவாட்டில் படுத்துவிடும். துருவப் பகுதியில் அழுத்தம் அச்சுக்குக் குறுக்கே இருப்பதால் அங்கே கெடுதல் இல்லை. மொத்தத்தில் ஒவ்வொரு துளையும் இடுப்பைச் சுற்றி ஒரு செத்த வளையத்தைக் கட்டிக்கொள்கிறது. உங்கள் 30 சதவீதத் துளையில் வளையங்கள் ஒன்றையொன்று தொடும். துளைகள் முட்டிக்கொண்டு மெல்லிய கழுத்துகள் உருவான இடங்களில் தகைவு ஒன்றரை மடங்கோடு நிற்காது. 310 போய் 190 ஆனது அதனால்தான். சூடேறும்போது டொமைன் திரும்பத் தேவையான தகைவும் குறைகிறது. 175இல் 4 மணி நேரம் கொடுத்தால் மிச்சமும் போகும். (95 வரை இறங்கியதில் இன்னொரு காரணமும் இருக்கும் என்று சந்தேகம். எலெக்ட்ரோடு கம்பிகள் திறந்து கிடந்தனவா?)

ஆ வில்லையில் எண்ணெய் துளைக்குள் புகுந்து உள்ளும் புறமும் 100 ஆகிவிட்டது. எலும்புக்கூட்டின் ஒவ்வொரு புள்ளியிலும் சம அழுத்தம்தான். துளையில்லாத வில்லையின் நிலைமையே. டி33 பிழைத்தது. ஆனால் சிக்னலுக்கும் அதே கதி. அலையின் அழுத்தமும் துளைக்குள் போய்ச் சமமாகிவிட்டால் செராமிக்குக்குத் துளை இருப்பதே தெரியாது.

கணக்கைப் பாருங்கள். 5ஏ-வுக்கு டி33 374, டி31 (பக்கவாட்டில் அழுத்தினால் வருவது) கழித்தல் 171. எல்லாப் பக்கமும் வரும் நீர்ம அழுத்தத்துக்கான டிஎச் = டி33 + 2 × டி31 = 374 − 342 = 32. இரண்டு பெரிய எண்கள் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. துளை செய்யும் உபகாரம், பக்கவாட்டுக் கடத்தலை அறுத்து டி31-ஐ டி33-ஐவிட வேகமாகக் குறைப்பது. உங்கள் வில்லையில் டி31 கழித்தல் 100 பக்கம் இருந்தால் டிஎச் 110. மின்கடவுதிறனும் 1700இலிருந்து 850 பக்கம் இறங்கியிருக்கும். டிஎச்-ஐ மின்கடவுதிறனால் வகுத்த ஜிஎச், அதாவது அழுத்தத்துக்கு எழும் மின்புலம், 2.1இலிருந்து 14.6 ஆகிறது, மில்லிவோல்ட்-மீட்டர்/நியூட்டன் அலகில். 3 மி.மீ. தடிமனுக்குக் கிலோபாஸ்கலுக்கு 44 மில்லிவோல்ட். நீங்கள் கண்ட 40 இதுதான். எண்ணெய் புகுந்ததும் டிஎச் மறுபடி 32-க்கே போய், அதிலும் செராமிக் இருக்கும் 70 சதவீதப் பரப்புக்கு மட்டும், 22 ஆகிறது. கிலோபாஸ்கலுக்கு 9 மில்லிவோல்ட் பக்கம். உங்கள் அளவீடு கணக்கோடு பொருந்துகிறது.

ஆக, துளை காலியாக இருந்தால் சிக்னல் உண்டு, ஆயுள் இல்லை. நிறைந்தால் ஆயுள் உண்டு, சிக்னல் இல்லை. 1978இல் நியூன்ஹாம், ஸ்கின்னர், கிராஸ் மூவரும் எந்தப் பகுதி எந்தத் திசையில் தொடர்ச்சியாக இருக்கிறது என்று 3-3, 1-3 என வகைப்படுத்தினார்கள் (முதல் எண் செராமிக், அடுத்தது மற்றப் பகுதி, எத்தனை திசையில் தொடர்கிறது என்பது). அதில் எல்லோரும் செராமிக் எப்படித் தொடர்கிறது என்பதைத்தான் கவனிப்பார்கள். உங்கள் வேலைக்குத் துளை எப்படித் தொடர்கிறது, அதற்குள் என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

ஆ வில்லையின் 25 பிகோகூலம் இழப்பையும் விட்டுவிடாதீர்கள். ஏஜிங்குக்கு ஒரு 12 கொடுத்தாலும் மீதி எண்ணெய் எட்டாத மூடிய துளைகளின் வேலை. ஆர்க்கிமிடிஸ் அளவு (நீர் ஏற்றி எடை பார்ப்பது) எடுத்தீர்களா?

---

துளைமணி

எடுத்தேன். காய்ந்த எடை 5.28 கிராம், வெற்றிடத்தில் நீர் ஏற்றியபின் 5.47. வில்லையின் கன அளவு 0.94 கன செ.மீ. ஆக நீர் புகுந்தது 20 சதவீதம், மூடியது 10. கம்பிகள் திறந்துதான் கிடந்தன. அழுத்தச் சோதனைதானே என்று விட்டுவிட்டேன்.

---

மின்தேக்கி

அப்படியென்றால் 95-க்குக் காரணம் பாதி அங்கே இருக்கிறது. பீசோ செராமிக் எல்லாமே பைரோவும்தான், அதாவது வெப்பம் மாறினாலும் மின்னூட்டம் தரும். சூடாகும்போது துருவப்பாடு குறையும்; எலெக்ட்ரோடில் மிஞ்சும் மின்னூட்டம் துருவப்பாட்டின் திசையிலேயே புலத்தை உண்டாக்கும். அது நல்லதுதான், கெடுக்காது. 175இல் வில்லையின் மின்தடை சரிந்திருப்பதால் அந்த மின்னூட்டம் மெல்ல ஒழுகிப்போய்விடும். சிக்கல் ஆறும்போது. துருவப்பாடு திரும்ப ஏறும், அதை ஈடுகட்ட மின்னூட்டம் வர வழியில்லை, புலம் எதிர்த் திசையில் எழும்.

அளவு: துளையில்லாத பிஇசட்டிக்கு பைரோ எண் சதுர மீட்டருக்கு, டிகிரிக்கு, 400 மைக்ரோகூலம் என்று வையுங்கள். துளை வில்லைக்கு அதில் 70 சதவீதம், 280. 175இலிருந்து 100 வரை ஆறுவதில் பெரும்பாலும் ஒழுகிவிடும் என்றே எடுத்தாலும், 100இலிருந்து 25 வரையிலான 75 டிகிரிக்கு 0.021 கூலம். மின்கடவுதிறன் 850 என்றால் புலம் மி.மீ.க்கு 2.8 கிலோவோல்ட். 5ஏ-யைத் திருப்ப 1 முதல் 1.2 கிலோவோல்ட் போதும். அதாவது கலத்தில் ஆறவைக்கும்போது நீங்களே எதிர்த்திசையில் போலிங் செய்துகொண்டிருக்கிறீர்கள். துளையில்லாததற்கு இதே கணக்கில் 2 கிலோவோல்ட். துளை வைத்தால் பைரோ மின்னூட்டம் குறையும், ஆனால் மின்கடவுதிறன் அதைவிட அதிகமாகக் குறைவதால் புலம் கூடுகிறது. நடைமுறையில் பக்கக் கசிவு இருப்பதால் முழு எண்ணையும் எட்டாது, ஆனால் பாதி எட்டினாலே போதும்.

மருந்து எளிது. சோதனையில் கம்பிகளைக் குறுக்கிணைப்பு (ஷார்ட்) செய்யுங்கள். கருவியில் வில்லைக்குக் குறுக்கே 100 மெகாஓம் நிரந்தரமாக இருக்கட்டும். 10 மெகாஓம் போட்டால் சரிப்படாது: உங்கள் வில்லையின் மின்தேக்கம் 0.79 நானோஃபாரட், 10 மெகாஓமோடு சேர்ந்தால் 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே சிக்னல் அறுந்துவிடும். 100 மெகாஓமில் அது 2 ஹெர்ட்ஸ். நொடிக்கு 1 டிகிரி என்று தறிகெட்டு ஆறினாலும் பைரோ மின்னோட்டம் 90 நானோஆம்பியர் பக்கம்தான். 100 மெகாஓமில் 9 வோல்ட், 3 மி.மீ.க்கு அது ஒன்றுமே இல்லை.

இந்த ரெசிஸ்டர் 175 டிகிரியில் 100 மெகாஓமாகவே நிற்க வேண்டும் என்பது தனிக் கவலை. தடிப்படல வகை எடுங்கள், ஃப்ளக்ஸ் எச்சத்தை நன்றாகக் கழுவுங்கள். இணைப்பியில் ஒட்டிய ஈரமே சில மெகாஓம் ஆகிவிடும். அதுவும் சூடானால் சொல்லவே வேண்டாம்.

எலெக்ட்ரோடு பற்றி ஒரு வரி. வெள்ளிப் பேஸ்ட் நீர்த்ததாக இருந்தால் துளை வழியே அரை மி.மீ. வரை உள்ளே இறங்கும். மின்தேக்கம் கூடிப்போய் வரும், போலிங்கில் முனைகளிலிருந்து தீப்பொறி பாயும். கெட்டியான பேஸ்ட், திரையச்சு, இரண்டு மெல்லிய பூச்சு.

---

களிமண்

ரெசிபி பக்கம் யாரும் பேசலையே. துளைமணி சார், 100-க்கு 10 கிராம் மணின்னா அது திடப்பொருள் கன அளவுல 40 சதவீதம். பிஇசட்டி அடர்த்தி 8, பிஎம்எம்ஏ 1.19, போட்டுப் பாருங்க. ஆனா கெடைச்சது 30. எங்கே போச்சுன்னு நெறைய பேர் கேப்பாங்க. எங்கேயும் போகல. பச்சை வில்லையில (இன்னும் சுடாததுல) பொடிக்கு நடுவுலயும் காத்து இருக்கு. பொடி இருக்கற பகுதியில 55 சதவீதம்தான் செராமிக். மணி மொத்தப் பச்சைக் கன அளவுல 27 சதவீதம்தான் வருது. சின்டரிங்ல சுவர் சுருங்கும்போது துளையும் கூடவே அதே விகிதத்துல சுருங்கும். அதனால 27 அப்படியே நிக்கும், மேல 3 சதவீதம் சுவர்லயே மிச்சம் இருக்கற பொடித்துளை. உங்க 30 அதுதான்.

30ங்கறது ரெண்டும் கெட்டான் இடம். 20க்குக் கீழே போனா துளை அநேகமா மூடியே இருக்கும். 40க்கு மேல போனா அநேகமா திறந்துரும். நடுவுல நின்னா உங்களுக்கு வந்த மாதிரி 20 திறந்தது, 10 மூடினது. எண்ணெய் பாதி வீட்டுக்குள்ள போகும், பாதி வீட்டுக்குப் போகாது. எந்தப் பக்கம்னு முடிவு பண்ணுங்க. 40 சதவீதத் துளை வேணும்னா கணக்குப்படி மணி 55 கன சதவீதம், அதாவது 100 கிராம் பொடிக்கு 18 கிராம்.

18 கிராம் போட்டா எரிக்கற முறையையும் மாத்தணும். பிஎம்எம்ஏ 250லேர்ந்து 400க்குள்ள பொசுக்குனு ஆவியாகும். அந்த இடத்துல நிமிஷத்துக்கு 1 டிகிரி ஜாஸ்தி, 0.3 வைங்க. 3 மி.மீ. வில்லைக்கு அந்த 150 டிகிரியைக் கடக்க 8 மணி நேரம் ஆகும், ஆகட்டும். அவசரப்பட்டா வில்லை நடுவுல வாயு அடைஞ்சு, அழுத்தின திசைக்குக் குறுக்கே தாளு தாளா பிரியும். வெளிய பார்த்தா தெரியாது. சின்டரிங் முடிஞ்சு நகத்தால சுண்டினா மணிச் சத்தம் வராம தொப்புனு வரும். அதான் அடையாளம். (உங்க ஆ வில்லை அடுக்கடுக்காப் பிரிஞ்சதுன்னு சொன்னீங்களே, கொஞ்சம் விரிசல் அப்பவே உள்ள இருந்திருக்கும்.)

அடுத்தது காத்து. எரியும்போது சூளையில காத்தோட்டம் இல்லேன்னா கரிவாயு ஈய ஆக்சைடைக் குறைச்சு உலோக ஈயமா மாத்திரும். வில்லை நடுவுல சாம்பல் நிறக் கரு தெரியும். அது போலிங்குக்கு நிக்காது, கடத்தும். எரிக்கற வரைக்கும் மூடியைத் திறந்து வைங்க, 600க்கு அப்புறம் மூடுங்க.

மூடினதுக்கு அப்புறம் ஈய இழப்பு. ஈய ஆக்சைடு 888 டிகிரியில உருகி, அதுக்கு மேல நல்லாவே ஆவியாகும். துளை உள்ள வில்லைக்கு வெளிப்பரப்பு ஜாஸ்தி, இழப்பும் ஜாஸ்தி. பொடியில 1 சதவீதம் கூடுதல் ஈய ஆக்சைடு, ஈய சிர்கோனேட் படுக்கை, விளிம்பு தேய்ச்சுப் பொருந்தின மூடி. எரிச்சு முடிச்ச எடைக்கும் சின்டரிங் எடைக்கும் வித்தியாசம் 1 சதவீதத்தைத் தாண்டினா அந்த வில்லையை ஒதுக்கிடுங்க. ஈயம் போன சுவர்ல சிர்கோனியா தனியா பிரியும். அந்தச் சுவர்தான் சூளைவாய் சொன்ன தகைவைத் தாங்கணும்.

போலிங்கை எண்ணெய்ல பண்ணாதீங்க. ஹெக்சேன்ல எத்தனை தடவை அலசினாலும் கொஞ்சம் ஒட்டிக்கிட்டே இருக்கும், அப்புறம் பூசற எந்த உறையும் பிடிக்காது. ஊசிமுனையிலேர்ந்து காத்து வழியா மின்னூட்டம் தெளிக்கற கொரோனா போலிங் நல்லது. ஊசிமுனைக்கும் வில்லைக்கும் 30 மி.மீ. இடைவெளி, 15லேர்ந்து 20 கிலோவோல்ட், வில்லை 120 டிகிரியில. ஒரு இடத்துல துளை உடைஞ்சாலும் வில்லை முழுக்கப் போகாது. எலெக்ட்ரோடு இருந்தா அந்த ஒரு ஓட்டை வழியா எல்லா மின்னூட்டமும் பாஞ்சு கரி ஆக்கிரும்.

எல்லாத்துக்கும் மேல, அறுக்கறது தேய்க்கறது எல்லாம் தண்ணியில. துளை வில்லை உதிர்ற தூசி ரொம்ப நைஸ், அத்தனையும் ஈயம்.

---

ஆழ்குழாய்

சூளைவாய் சொன்ன இரண்டுக்கும் நடுவில் ஒரு பாதை இருக்கிறது. துளையை நிரப்புங்கள், ஆனால் எண்ணெய் மெதுவாகத்தான் நுழைய முடியும்படி செய்யுங்கள். நிலை அழுத்தம் மணிக்கணக்கில் ஏறுவது. அலை மில்லிநொடிக் கணக்கு. இந்த இடைவெளியைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

எண்ணெய் நிறைந்து, வெளியே போக வழியில்லாத துளையில் அலையின் அழுத்தம் எவ்வளவு போய்ச் சேரும்? பெரும்பாலோர் பாதிக்கு மேல் என்று ஊகிப்பார்கள். அப்படி இல்லை. எண்ணெயின் கன அளவு மீள்குணகம் 1.2 கிகாபாஸ்கல் பக்கம். துளை எலும்புக்கூட்டுக்கு 35 பக்கம், கெட்டி செராமிக்குக்கு 80 பக்கம் என்று வைத்தால் 30 சதவீதத் துளைக்கு எண்ணெய் ஏற்பது வெறும் 6 சதவீதம். எண்ணெய் அவ்வளவு மென்மையானது. செராமிக்தான் சுமையைச் சுமக்கிறது. ஆக 44 மில்லிவோல்ட்டில் 41 உங்களுக்கே. ஆ வில்லையில் சிக்னல் போனதற்குக் காரணம் துளையில் எண்ணெய் இருந்தது அல்ல. வெளி எண்ணெயோடு அது கதவு திறந்து உறவாடியதுதான்.

எனவே: வில்லையின் வெளிப்பரப்பு முழுவதையும் எண்ணெய் புகாத மெல்லிய உறையால் மூடி, ஒரே ஒரு நுண்குழாயை மட்டும் உள்ளே விடுங்கள்.

குழாய்க்கு, கேப்பிலரி எலெக்ட்ரோபோரசிஸ் கருவிகளில் வரும் உருக்கிய சிலிக்கா நுண்குழாய், உள்விட்டம் 50 மைக்ரான், வெளியே பாலிஇமைடு பூச்சு. அந்தப் பூச்சு 175 டிகிரியைச் சட்டை செய்யாது. 50 மி.மீ. நீளம், 100 சென்டிஸ்டோக் சிலிக்கோன் எண்ணெய் என்றால் ஓட்டத் தடையும் துளை எண்ணெயின் அமுக்கமும் சேர்ந்து கால மாறிலி 8 நொடி. 175 டிகிரியில் எண்ணெய் பத்தில் ஒரு பங்காக இளகும் என்று வைத்தாலும் 0.8 நொடி, அதாவது 0.2 ஹெர்ட்ஸ். உங்கள் 10 ஹெர்ட்ஸுக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது.

மறுபக்கம், அழுத்தம் ஏற்றும் வேகம். உள்ளே வெளியே உள்ள வித்தியாசம் = ஏற்றும் வேகம் × கால மாறிலி. குளிர்ந்த நிலையில் 100 மெகாபாஸ்கலில் சிலிக்கோன் எண்ணெயின் பிசுபிசுப்பு பல மடங்கு கூடும். 8 நொடி 35 நொடியாகவும் ஆகலாம். நொடிக்கு 0.1 மெகாபாஸ்கல் என்று ஏற்றினால் வித்தியாசம் 3.5, துளைச் சுவரில் ஒன்றரை மடங்கு போட்டாலும் 5ஏ-யின் 20-க்குள் அடங்குகிறது. 100-க்குப் போக 17 நிமிடம் ஆகும். கிணற்றில் நொடிக்கு ஒரு மீட்டர் இறக்கினால் இதில் பத்தில் ஒரு பங்கு வேகம்தான், ஆகவே களத்தில் பிரச்சினை இல்லை. ஆய்வகக் கலத்தின் வால்வை யாராவது படக்கென்று திறந்தால்தான் எல்லாம் முடிந்தது. இறக்கும்போதும் அதே 17 நிமிடம். இறக்கத்தில் சுவர் இழுவிசையில் இருக்கும், செராமிக் அதை இன்னும் மோசமாகத் தாங்கும்.

உங்கள் ஓவன் வெடிப்பும் இதே கணக்குதான். சிலிக்கோன் எண்ணெய் 150 டிகிரிக்கு 14 சதவீதம் விரியும். கழுத்துகள் ஒரு மைக்ரான், இரண்டு மைக்ரான். அதன் வழியே சடுதியில் வெளியேற முடியாது. முழுக்க அடைபட்டால் 150 மெகாபாஸ்கலுக்கு மேல் எழும். துளை பிஇசட்டி இழுவிசையில் 20, 30 தாங்கினால் பெரிது. நிமிடத்துக்கு 2 டிகிரி வீதம் ஏற்றினால் நுண்குழாய் வழியாகவே விரிவு வடிந்துவிடும். குழாயில் எழும் அழுத்தம் 0.3 மெகாபாஸ்கல்தான்.

நிரப்பும் முறையில் கவனம் வேண்டும். வில்லையை முதலில் 120 டிகிரியில் வெற்றிடத்தில் இரண்டு மணி நேரம் உலர்த்துங்கள், கம்பிகளைக் குறுக்கிணைத்தபடி. எண்ணெயைத் தனியாக வாயு நீக்குங்கள். 1 மில்லிபாருக்குக் கீழே, வில்லை எண்ணெய்க்கு மேலே தொங்கும்போதே வெற்றிடம் பிடித்து, பிறகு மெல்ல முக்குங்கள். முக்கிவிட்டு வெற்றிடம் பிடித்தால் காற்று கழுத்துகளில் மாட்டிக்கொள்ளும். நிரம்பியதை எடையால் உறுதி செய்யுங்கள்: ஆர்க்கிமிடிஸில் நீர் எவ்வளவு புகுந்ததோ அதே கன அளவு எண்ணெய் புக வேண்டும். 2 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் திரும்பச் செய்யுங்கள்.

உறைக்கு எபாக்ஸி வேண்டாம். சாதாரண எபாக்ஸி 175இல் இளகிவிடும். எண்ணெய் விளிம்பு வழியே நுழையும், நீங்கள் மூடியதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள். எஃப்இபி (டெஃப்லான் இனப் பிளாஸ்டிக்) வெப்பச்சுருக்கக் குழாயைப் பக்கவாட்டுக்குப் போட்டு, இரு முகங்களிலும் மெல்லிய உலோகத் தகட்டை எலெக்ட்ரோடாக ஒட்டி விளிம்பைச் சேர்க்கலாம். ஆனால் தகடு மெல்லியதாக இருக்கட்டும்; தடித்தால் பக்கவாட்டு அசைவைப் பிடித்து வைத்து டிஎச்-ஐ மாற்றிவிடும்.

குழாயின் வெளிமுனை ஒரு சிறு பெல்லோஸுக்குள் (மடிந்து நீளும் மூடிய உறை), அதே எண்ணெயில் இருக்க வேண்டும். கிணற்றுத் திரவம் நேராக வந்தால் 50 மைக்ரான் துவாரம் முதல் நாளே அடையும். அடைந்தால் வில்லை மறுபடி உங்கள் அ வில்லை ஆகிவிடும். முனையில் 5 மைக்ரான் சின்டர் வடிகட்டி வைத்தே ஆக வேண்டும்.

இதற்கெல்லாம் களிமண் சொன்ன 40 சதவீதத் துளைதான் பொருந்தும். மூடிய துளை எத்தனை சதவீதமோ அத்தனையும் எண்ணெய் எட்டாமல் செத்த வளையம் கட்டும்.

---

துளைமணி

தெளிவாகிவிட்டது. இரண்டு சந்தேகம். மணிக்குப் பதில் பொடிக் குழம்பை உறையவைத்து வார்க்கும் முறையில் (உறைந்தது போன இடம் துளை) துளைகளை போலிங் அச்சோடு நீளவாக்கில் அமைத்தால் சுற்றுத் தகைவு அச்சுக்குக் குறுக்கேதானே வரும்? நுண்குழாய் இல்லாமலே தப்பிக்கலாமா? 5ஏ-க்குப் பதில் வேறு பொருள்?

---

சூளைவாய்

முதல் சந்தேகம்: பாதி சரி. அச்சோடு ஓடும் உருளைத் துளையில் சுற்றுத் தகைவு இரண்டு மடங்கு, முழுவதும் போலிங் அச்சுக்குக் குறுக்கே. அது டொமைனைக் கெடுக்காது. டி33-ம் மணித் துளையைவிட நன்றாக நிற்கும். ஆனால் நீரை உறையவைத்து வார்த்தால் கிடைப்பது உருளை அல்ல, தட்டையான பிளவு. இரு பிளவுகளுக்கு நடுவே நிற்கும் செராமிக் சுவர் மெல்லிய பலகை மாதிரி. பக்கவாட்டு 100 மெகாபாஸ்கல் அதை வளைக்கும். டிபோல் ஆவதற்கு முன்பே விரிசல் விடும். காம்பீனில் (கற்பூரம் போன்ற பொருள்) உறையவைத்தால் துளை மரக்கிளை போல வரும், கொஞ்சம் தேவலாம். இரண்டிலும் துளை முகத்துக்கு முகம் திறந்திருப்பதால் எண்ணெய் நிரப்ப மிக வசதி. ஆழ்குழாய் சொன்ன ஏற்பாட்டுக்கு இதுதான் நல்ல உடல். ஆனால் காலியாக விடும் துணிச்சல் வேண்டாம்.

இரண்டாவது: கியூரி வெப்பநிலையில் (பீசோ குணம் அற்றுப்போகும் வெப்பநிலை) பாதிக்கு மேல் போகாதே என்று ஒரு கைக்கணக்கு உண்டு. பிஇசட்டி-8 300 டிகிரி, பாதி 150. பிஇசட்டி-4 328, பாதி 164. 5ஏ 365, பாதி 182. தகைவுக்குக் கடின வகை நல்லது, சூட்டுக்கு 5ஏ நல்லது. உங்கள் 175 சரியாக இந்தக் கயிற்றின் மேல் நிற்கிறது. நுண்குழாய் போட்டால் தகைவுக் கவலை குறையும், அப்போது 5ஏ போதும்.

இன்னும் மேலே போக வேண்டுமானால் பிஸ்மத் ஸ்காண்டேட்-ஈய டைட்டனேட். 2001இல் பென் ஸ்டேட் ஆய்வாளர்கள் வெளியிட்டது. கியூரி 450, டி33 450-ஐ ஒட்டி. ஸ்காண்டியம் விலைதான் கண்ணைக் கட்டும்.

மின்தேக்கி

ஈய மெட்டாநயோபேட்டை ஏன் யாரும் சொல்லவில்லை? டி33 85தான், ஆனால் டி31 கழித்தல் 9. டிஎச் 67, மின்கடவுதிறன் 225, ஜிஎச் 33. உங்கள் தடிமனுக்குக் கிலோபாஸ்கலுக்கு 100 மில்லிவோல்ட், மணி கலக்காமல், எண்ணெய் நிரப்பாமல். டி31 இயல்பிலேயே சிறிதாக இருப்பதால் சிக்னலுக்குத் துளையை நம்பவேண்டியதில்லை. கியூரி தூய பொருளுக்கு 570. சந்தையில் வரும் மாற்றிய வகைகளுக்கும் 400 டிகிரி பக்கம் இருக்கும்.

குறை இரண்டு. சின்டரிங்கில் முழு அடர்த்தி வராது, கொஞ்சம் துளை தானாகவே தங்கும். அது திறந்ததா மூடியதா என்று அதே ஆர்க்கிமிடிஸ் சோதனையை இதற்கும் செய்யுங்கள். அடுத்து, மின்தேக்கம் 0.2 நானோஃபாரட்தான். ஒரு மீட்டர் கேபிளே 100 பிகோஃபாரட், சிக்னலில் மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிடும். முன்பெருக்கி வில்லையின் பக்கத்திலேயே, 175 டிகிரியிலேயே உட்கார வேண்டும். 100 மெகாஓம் இங்கே 8 ஹெர்ட்ஸில் வெட்டும், ஆகவே 300 மெகாஓம் வேண்டும்.

களிமண்

ரெண்டு வழியையும் இணையா ஓட்டுங்க. மெட்டாநயோபேட் வில்லை வாங்கிக்கலாம், உருவாக்க வேண்டாம். 5ஏ பக்கம் 18 கிராம் மணியோட அஞ்சு வில்லை போடுங்க. நாலு சோதனைக்கு, ஒண்ணை எண்ணெய் ஏத்தாம அறுத்து மைக்ரோஸ்கோப்புல கழுத்தை அளந்து வைங்க. டி33 மீட்டர்ல வைக்கும்போது முனை ரொம்ப இறுக்காதீங்க, 40 சதவீதத் துளையில கூர்முனை சுவரை நொறுக்கிரும், அளவு தப்பாக் காட்டும். ரெண்டு முனைக்கும் தட்டையான மூடி மாட்டிக்குங்க. அழுத்தம் இறக்கி 24 மணி நேரம் கழிச்சு அளங்க. உடனே அளந்தா எண் இன்னும் நகர்ந்துக்கிட்டே இருக்கும்.